கடல் தாண்டும் காகிதங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளிநாட்டில் தங்கும் உரிமை, அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு பற்றி நம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊர்களை மட்டும் போட்டிருக்கிறோம்.

எனக்கு நிக்காஹ் ஆகி ஐம்பது நாள் ஆகிறது. மாப்பிள்ளை துபாயில் கம்பெனி வேலை, சம்பளம் 4,500 திர்ஹம். என்னை ஃபேமிலி விசாவில் கூப்பிட நினைக்கிறார். என் பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது, குடும்பப் பெயர் கட்டம் காலி. ஜமாஅத்தில் கொடுத்த நிக்காஹ் சான்று கையில் இருக்கிறது. அது போதுமா? (கீழக்கரை)

அது மட்டும் போதாது. ஆனால் சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி எந்த மதத்தவரானாலும் திருமணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. அதற்கு மேல் போனால்தான் இழுபறி. உங்களுக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. அந்த நாற்பது நாளில் முதலில் செய்ய வேண்டியது பதிவு அல்ல, பெயரைச் சரி செய்வது.

ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் நம் ஊர்ப் பக்கம் சர்வ சாதாரணம். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட், டூரிஸ்ட் விசாவில் வருபவர்களை ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு தளர்த்தினார்கள். குடியிருப்பு விசாவுக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் விமான நிலையக் கவுன்டரில் நிற்கும் ஊழியருக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். நாளை பிள்ளையின் பிறப்புச் சான்றிலும் இதே சிக்கல் வரும். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்துவிடுவதே எங்கள் யோசனை.

முதலில் ஆதாரில் பெயரை மாற்றுங்கள். ஆதாரில் ஆயுளுக்கு இரண்டு முறைதான் பெயர் மாற்ற முடியும், ஆகவே எழுத்துக்கூட்டலை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுப் போங்கள். பிறகு பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். காரணமாக ‘தனிப்பட்ட விவரங்களில் மாற்றம்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தத்கால் என்றால் கூடுதலாக 2,000. கணவர் பெயரையும் இதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடலாம். புதுப் பெயர் எப்படி வரும் என்பது உறுதியான பிறகு அதே எழுத்தில் திருமணத்தைப் பதியுங்கள். ஜமாஅத் தஃப்தரிலும் (பதிவேட்டிலும்) அதே எழுத்து இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் ஃபாத்திமா என்பதை ஒரு விதமாகவும் திருமணச் சான்றில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் துபாயில் அரபி மொழிபெயர்ப்பாளர் இரண்டையும் இரண்டு பெண்களாகவே மொழிபெயர்ப்பார். பாஸ்போர்ட் வரத் தாமதமானால் அந்தக் கூடுதல் 60 நாளைப் பயன்படுத்துங்கள். தாமதக் கட்டணம் சொற்பம்தான். தவறான எழுத்தில் அவசரமாகப் பதிந்துவிட்டுத் திருத்தம் கேட்டு அலைவதுதான் செலவு.

அடுத்தது அட்டெஸ்டேஷன், அதாவது சான்று அசல்தான் என்று அலுவலகங்கள் முத்திரையிடுவது. அமீரகம், ஒரே முத்திரையைப் பல நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இல்லாததால் சான்று நான்கு கை மாற வேண்டும். முதலில் சென்னைத் தலைமைச் செயலகம், பிறகு டெல்லி வெளியுறவு அமைச்சகம், அதன்பின் இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே அமீரக வெளியுறவு அமைச்சகம். இந்த வரிசை மாறினால் அடுத்த மேசையில் வாங்கமாட்டார்கள். டெல்லி அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகக் காகிதம் வாங்குவதில்லை. அவர்கள் நியமித்த சேகரிப்பு நிறுவனங்களில்தான் கொடுக்க வேண்டும். முக்கியமாக, அசல் சான்றை லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் மேல் முத்திரை நிற்காது. பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேட் செய்த சான்றை ஓரத்தில் கத்தி வைத்துப் பிரித்தால் மை பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிடும், கடைசியில் புதுச் சான்றுதான் வாங்க வேண்டும்.

மாப்பிள்ளைக்குச் சம்பளம் பிரச்சினை இல்லை. 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடம் கம்பெனி கொடுத்தால் 3,000 திர்ஹம் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம். வீட்டு வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், துபாயின் வாடகைப் பதிவு முறையான ‘இஜாரி’யில் பதிவு ஆகியிருக்க வேண்டும். பெட் ஸ்பேஸில் (ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு எடுத்து) இருந்துகொண்டு குடும்ப விசா போட முடியாது.

நுழைவு அனுமதியில் நீங்கள் இறங்கிய நாளிலிருந்து 60 நாள் கணக்கு ஓடும். அதற்குள் ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்து, எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை கொடுத்து, இன்ஷூரன்ஸ் எடுத்துக் குடியிருப்பு முடிக்க வேண்டும். தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவது 2022-இல் நின்றுவிட்டது. இப்போது எமிரேட்ஸ் ஐடிதான் குடியிருப்புக்கு ஆதாரம்.

இன்ஷூரன்ஸில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று. துபாயில் ஊழியருக்குக் காப்பீடு எடுக்க வேண்டியது கம்பெனி. மனைவி, மக்களுக்கு எடுக்க வேண்டியது அழைப்பவர், அதாவது உங்கள் மாப்பிள்ளை. கம்பெனி ஃபேமிலிக்கும் தருகிறதா என்று முன்னாலேயே கேட்கச் சொல்லுங்கள். அடிப்படைத் திட்டத்தின் ஆண்டு வரம்பு 1,50,000 திர்ஹம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு முதல் ஆறு மாதம் காத்திருப்பு உண்டு, அவசரச் சிகிச்சைக்கு அது பொருந்தாது. சர்க்கரையோ தைராய்டோ இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்க வேண்டாம். மறைத்தது பிறகு தெரிந்தால் முழு க்ளெய்மும் போகும். பிரசவச் செலவுக்குத் தனி வரம்பு இருக்கும், அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அண்ணன் ஷார்ஜாவில் கடையில் வேலை. ‘நம்ம எமிரேட்டில் இன்ஷூரன்ஸ் கட்டாயம் இல்லை’ என்று முதலாளி சொல்கிறாராம். உண்மையா? (தேவிபட்டினம்)

முன்பு உண்மை. 2025 ஜனவரி 1 முதல் ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா, புஜைரா, உம்முல் குவைன் எல்லா இடத்திலும் தனியார் ஊழியர்களுக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் கட்டாயம். இகாமா (குடியிருப்பு அனுமதி) போடும்போதும் புதுப்பிக்கும்போதும் முதலாளி காட்ட வேண்டும். அடிப்படைத் தொகுப்பு ஆண்டுக்கு 320 திர்ஹம். அதைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வெளிநோயாளியாகப் போனால் 25 சதவீதமும் மருந்துக்கு 30 சதவீதமும் அண்ணன் கையிலிருந்து தர வேண்டியிருக்கும். படுத்துச் சிகிச்சை பெற்றால் 20 சதவீதம், அதற்கும் ஒரு தடவைக்கு 500 திர்ஹம், வருடத்துக்கு 1,000 திர்ஹம் என உச்சவரம்பு உண்டு.

இதோடு வேலையிழப்புக் காப்பீடு என்று ஒன்று தனியாக இருக்கிறது. அதை மட்டும் ஊழியரே கட்ட வேண்டும். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை இருந்தால் மாதம் 5 திர்ஹம்தான், சேராமல் இருந்தால் 400 திர்ஹம் அபராதம். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கட்டியிருந்தால் வேலை போகும்போது அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை கிடைக்கும். ஐந்து திர்ஹத்துக்குச் சோம்பல் பட்டு நானூறு கட்டுபவர்கள் ஏராளம்.

ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். பஹ்ரைனில் மீன்பிடி வேலை என்கிறார் ஏஜென்ட். ஒன்றரை லட்சம் கேட்கிறார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். போகலாமா? (மண்டபம்)

அந்த ஏஜென்ட்டோடு போகாதீர்கள். அவர் ஏன் விசிட் விசா என்கிறார் என்று பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காததால் உங்கள் பாஸ்போர்ட் இசிஆர் வகை. அதாவது வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். வேலை விசாவில் போனால் ஒப்பந்தம், முதலாளி விவரம், காப்பீடு எல்லாம் மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ தளத்தில் ஏறும். விசிட்டில் போனால் எதுவும் ஏறாது. பிரச்சினை வந்தால் உங்களை அனுப்பியதே யார் என்று தெரியாது. ஏஜென்ட்டுக்கு வேண்டியது அதுதான்.

உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் ஒரு தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம், அதற்கு ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம் கேட்பவர் ரசீது தரமாட்டார். அவருடைய உரிம எண்ணை இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெயர் இருந்தும் உரிமம் காலாவதி ஆகியிருக்கலாம், தேதியையும் பாருங்கள்.

சரியான வழியில் போனால் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயமாக எடுக்கப்படும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். வெளிநாட்டில் இருந்தபடியே ஆன்லைனில் புதுப்பிக்கலாம். பாலிசித் தாளின் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். போகிறவர் பையிலேயே பாலிசியும் போய்விட்டால், விபத்து நடந்த பிறகு இங்கே இருக்கும் மனைவிக்குப் பாலிசி இருந்ததே தெரியாது. நாமினியாக அம்மா பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு கல்யாணம் ஆகியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

விசாவில் எழுதியிருக்கும் தொழில் மீனவர் என்று இருக்க வேண்டும். வீட்டு வேலையாள் விசாவில் படகில் ஏற்றுவது அங்கே நடக்கும். கடலில் பிடித்தால் முதலாளிக்கு முன் மாட்டுவது நீங்கள்தான். பஹ்ரைனில் இறங்கியதும் ‘சிபிஆர்’ எனப்படும் அடையாள அட்டை உங்கள் கையில் வர வேண்டும். அந்த எண்ணைத் தொழிலாளர் சந்தை ஒழுங்குமுறை ஆணையத் தளத்தில் போட்டால் உங்கள் வேலை அனுமதி உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அட்டையை ‘ஆபீசில் இருக்கட்டும்’ என்று வாங்கி வைப்பவரிடம் எண்ணையாவது குறித்துக்கொள்ளுங்கள். அரசு சுகாதார மையத்தில் முதலில் கேட்பதும் அந்த எண்தான். இன்னொன்று: பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் நடுவே கடல் குறுகலானது. பாக் நீரிணையில் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

தம்பி ரியாத்தில். இகாமா முடிந்து நான்கு மாதம் ஆகிறது, கஃபீல் (விசா கொடுத்த முதலாளி) புதுப்பிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கார்டு வேலை செய்யவில்லை என்று திருப்பிவிட்டார்களாம். ‘ஹுரூப் (வேலையை விட்டு ஓடிவிட்டார் என்ற புகார்) போட்டுவிடுவேன்’ என்று மிரட்டுகிறார்கள். (ஏர்வாடி)

இகாமா முடிந்ததும் இன்ஷூரன்ஸும் முடிந்திருக்கும். சவூதியில் இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை, காப்பீடு செல்லுபடியாகாமல் இகாமா புதுப்பிக்க முடியாது. தம்பி முதலில் சவூதி அரசின் இணையச் சேவையான ‘அப்ஷர்’ கணக்கில் இகாமா நிலையைப் பார்க்கட்டும். அப்ஷர் கணக்கு அவருடைய சொந்த மொபைல் எண்ணில் இருக்க வேண்டும். கம்பெனிக்காரர் எண்ணில் திறந்திருந்தால் எந்த எச்சரிக்கையும் தம்பிக்கு வராது. காப்பீடு உண்டா என்று சுகாதாரக் காப்பீட்டுக் கவுன்சிலின் தளத்தில் இகாமா எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

இகாமா எடுக்கும் செலவும் புதுப்பிக்கும் செலவும் தாமத அபராதமும் முதலாளியின் பொறுப்பு என்று சவூதி தொழிலாளர் சட்டமே சொல்கிறது. தாமதத்துக்கு முதல் முறை 500 ரியால், இரண்டாம் முறை 1,000 ரியால், மூன்றாம் முறை நாடு கடத்தல். ஆகவே தம்பிக்கும் இது விளையாட்டு இல்லை.

2021 மார்ச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஒரு வழி திறந்திருக்கிறது. இகாமாவோ வேலை அனுமதியோ காலாவதியாகி முதலாளி புதுப்பிக்காமல் விட்டால், அல்லது தொடர்ந்து மூன்று மாதச் சம்பளம் வராவிட்டால், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு முதலாளிக்கு மாறலாம். புது முதலாளி சவூதி அரசின் தொழிலாளர் தளமான ‘கிவா’வில் கோரிக்கை போட வேண்டும், தம்பி அங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் ஹுரூப் விழுந்துவிட்டால் வழி சிக்கலாகும். அதனால் வேலைக்குப் போவதை நிறுத்தாமல், வருகைப் பதிவு, சம்பள மெசேஜ், கஃபீலோடு பேசிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊரில் உங்களுக்கு அனுப்பட்டும். போன் தொலைந்தாலும் சாட்சி மிஞ்சும். பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் புகார், கூடவே ரியாத் இந்தியத் தூதரகத்துக்கும் இந்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான ‘மதத்’தில் ஒரு புகார். ‘நானே இகாமாவுக்குப் பணம் கட்டுகிறேன், புதுப்பித்துக் கொடுங்கள்’ என்று தம்பி சொல்லக்கூடும். கட்டினாலும் ரசீது கம்பெனி பெயரில்தான் வரும், அடுத்த வருடமும் கேட்பார்கள்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் அவசரப் பிரிவு சிகிச்சையை மறுக்க முடியாது. காய்ச்சல், வயிற்று வலிக்கு மறுப்பார்கள்.

நான் நர்ஸ். ஜெர்மனியில் வேலை உறுதியாகிவிட்டது. போனதும் என்ன முதலில் செய்வது? இங்கே சர்டிபிகேட்டுக்கெல்லாம் அப்போஸ்டில் போடச் சொல்கிறார் ஒருவர், பக்கத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார். (ராமேஸ்வரம்)

அப்போஸ்டில் விஷயத்தை முதலில் முடிப்போம். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி எதிர்ப்புத் தெரிவித்தது. அதனால் இந்திய அப்போஸ்டிலுக்கு ஜெர்மனியில் மதிப்பில்லை. உங்கள் தகுதியை அங்கீகரிக்கும் அந்த மாநில அலுவலகம் எழுத்தில் என்ன கேட்கிறது என்று பாருங்கள், அதை மட்டும் கொடுங்கள்.

போன பின் முதல் வேலை முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும், அங்கே அதை ‘அன்மெல்டுங்’ என்பார்கள். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, நீங்கள் குடிவந்ததை வீட்டுக்காரர் உறுதிப்படுத்தும் தனித் தாள் ஒன்று வேண்டும். சாவி வாங்கும்போதே அந்தத் தாளையும் வாங்குங்கள். பதிவு முடிந்ததும் கிடைக்கும் சான்று இல்லாமல் வங்கிக் கணக்கும் நகராது, விசா நீட்டிப்பும் நகராது.

அடுத்து நம் ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்கும் இடம்: தபால் பெட்டி. ஜெர்மனியில் வரி எண், ஹெல்த் கார்டு, வங்கி பின் எண் எல்லாம் தபாலில்தான் வரும். பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்காவிட்டால் தபால்காரர் திருப்பி எடுத்துப் போய்விடுவார். கதவு எண் தெரிந்தாலும் போடமாட்டார். பாஸ்போர்ட்டில் இருக்கும் முழுப் பெயரையும், கூடவே இனிஷியலோடு நீங்கள் பயன்படுத்தும் வடிவத்தையும் இரண்டு வரியாக எழுதி முதல் நாளே ஒட்டுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால் ஒரு அலுவலகம் ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் பிரித்து எழுதும். கீழக்கரை வாசகிக்குச் சொன்ன திருத்தத்தை நீங்களும் புறப்படும் முன் செய்துவிடுவது நல்லது.

வரி எண் 11 இலக்கம், பதிவுக்குப் பின் சில வாரத்தில் வரும். மருத்துவமனைச் சம்பளப் பிரிவில் அது போய்ச் சேராவிட்டால் ஆறாம் வரி வகுப்பில் வைத்து அதிகமாகப் பிடித்துவிடுவார்கள். பிடித்தது பிறகு திரும்பக் கிடைக்கும், ஆனால் முதல் மாதம் கையைக் கடிக்கும்.

காப்பீட்டில் உங்களுக்கு உரிமை இருக்கிறது. எந்தப் பொதுக் காப்பீட்டு நிறுவனம் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வேலையில் சேர்ந்த முதல் இரண்டு வாரத்தில் சொல்லாவிட்டால் மருத்துவமனை தனக்குப் பழக்கமான ஒன்றில் போட்டுவிடும். பிரீமியம் சம்பளத்தில் 14.6 சதவீதம், அதோடு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் கூடுதல் விகிதம். இரண்டிலும் பாதியை மருத்துவமனை கட்டும். பழைய நோய் இருந்தால்கூடச் சேர்க்க மறுக்க முடியாது. கணவருக்கோ பிள்ளைகளுக்கோ வருமானம் இல்லையென்றால் உங்கள் காப்பீட்டிலேயே கூடுதல் கட்டணமின்றிச் சேர்ந்துவிடுவார்கள். கார்டுக்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் கார்டு அச்சாகாது. கார்டு வரும் முன் உடம்பு சரியில்லாமல் போனால், நிறுவனத்திடம் தற்காலிகச் சான்று கேட்டால் மருத்துவரிடம் காட்டத் தருவார்கள். விமானம் ஏறிய நாளுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட நாட்களுக்குப் பயணக் காப்பீடு தனியாக இருக்கட்டும்.

விசா முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரம் கேளுங்கள், நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. விசா உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை தங்க இடைக்காலச் சான்று தருவார்கள். விசா முடிந்த மறுநாள் போய் நின்றால் நிலைமை வேறு.

மகனை மலேசியாவுக்கு ஹோட்டல் வேலைக்கு அனுப்ப இருக்கிறோம். இப்போது விசாவே வேண்டாமாமே? (தொண்டி)

30 நாள் சுற்றிப் பார்க்க விசா வேண்டாம், 2023 டிசம்பரிலிருந்து அப்படித்தான். வேலை செய்ய விசா வேண்டும். சுற்றுலாவில் போய்ச் சட்டியைப் பிடித்தால் குடிநுழைவுச் சோதனையில் கைது, காவல் முகாம், நாடு கடத்தல், மறுபடி நுழையத் தடை என்று வரிசையாக வரும். முறையான வேலை அனுமதியில் போனால் இறங்கிய 30 நாளுக்குள் ‘ஃபோமேமா’ மருத்துவப் பரிசோதனை உண்டு. மருத்துவமனைக் காப்பீட்டையும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான ‘சொக்சோ’ பதிவையும் முதலாளி செய்ய வேண்டும். முதலாளி எந்தப் பெயரில் அனுமதி எடுத்தாரோ அந்தக் கடையில்தான் மகன் வேலை செய்யலாம். அவருடைய அடுத்த கிளைக்கு அனுப்பினால்கூட அனுமதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கல்ஃப் மெடிக்கலில் மார்பு எக்ஸ்ரே பார்த்து ‘அன்ஃபிட்’ என்றுவிட்டார்கள். பத்து வருடம் முன் டிபிக்கு முழுக் கோர்ஸ் சாப்பிட்டுக் குணமானவன் நான். பணம் கொடுத்தால் வேறு சென்டரில் ‘ஃபிட்’ வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். (பெரியபட்டினம்)

குணமானதற்கும் எக்ஸ்ரேயில் தழும்பு இருப்பதற்கும் வளைகுடா விதிகளில் வேறுபாடு பார்ப்பதில்லை. நியாயமில்லை என்பது எங்கள் கருத்தும்கூட, ஆனால் விதி அதுதான். வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனைகளை ஒருங்கிணைக்கும் ‘வஃபித்’ அமைப்பில் சென்டர்கள் எல்லாம் ஒரே வலையில் இருக்கின்றன, உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் முடிவு ஏறிவிட்டது. அவர் ‘ஃபிட்’ தாள் வாங்கிக் கொடுத்தாலும், அங்கே இறங்கியபின் மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். திரும்பி வரும்போது டிக்கெட்டும் ஏஜென்ட் பணமும் போயிருக்கும். பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மகளுக்கு அபுதாபியில் குழந்தை பிறந்தது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எவ்வளவு நாள் இருக்கிறது? (இராமநாதபுரம்)

இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய ஒரு வருடம். ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். ஆனால் குடியிருப்பு விசாவுக்கான கெடு இதைவிடக் குறைவு, பிறந்த 120 நாளுக்குள் போட வேண்டும். விசாவுக்குப் பாஸ்போர்ட் தேவை, பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்று தேவை. ஆகவே மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த வாரமே பிறப்புச் சான்றுக்கு மனுப் போடச் சொல்லுங்கள். பெயர் வைக்கும் சடங்கு வரை காத்திருக்க வேண்டாம். குழந்தையின் இன்ஷூரன்ஸைத் தாயின் பாலிசி எத்தனை நாள் தாங்கும் என்று பாலிசியில் எழுதியிருக்கும், அதை மகளிடம் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.